எதை எண்ணுகிறது அரசு?

அரசு தன் வேலையைத் தானே அளந்துகொள்வது கணினி வந்தபின் தொடங்கியதல்ல. அதன் பழைய பட்டறைகளுள் ஒன்று நம் மாவட்டம். 1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலைப் பெற்ற கம்பெனி, அலெக்சாண்டர் ரீடையும் தாமஸ் மன்றோவையும் கொண்டு நிலத்தை அளந்து வரி விதித்தது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் ஓசூரும் சேர்ந்தது. ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. நல்ல அதிகாரி யார் என்பதற்கு அன்றைய முதல் அளவுகோல் வரி வசூல். ஆண்டுதோறும் ஜமாபந்தியில் சரிபார்க்கப்பட்டதும் அந்தக் கணக்கே. பட்டாதாரர் பெயர் அதில் ஏறியது; அந்த நிலத்தில் உழைத்த சேரி ஏறவில்லை.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் வேறு கேள்வி கேட்டார்: பறையர்களுக்குக் குடியிருக்கும் மனையாவது சொந்தமா? அந்த அறிக்கையின் விளைவாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் ஆணை பிறந்தது; பஞ்சமி நிலம் வந்தது. பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. ஆனால், அந்த நிலம் இன்று யார் கையில் என்று வரியைப் போல ஆண்டுதோறும் கேட்பாரில்லை. அதைக் கேட்ட போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10ஆம் நாள் ஜான் தாமஸும் ஏழுமலையும் காரணையில் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

சிப்காட் வந்தபின், பெங்களூரு நெருங்கியபின், ஓசூரில் ஒவ்வொரு சென்ட்டும் பணமாகிவிட்டது. கேள்வி இன்னும் அவசரமாகிறது. ஆட்சியரகத்தின் திங்கட்கிழமை குறைதீர் நாளில் நம் மனுவுக்கு எண் கிடைக்கிறது. பிறகு வேறு அலுவலகத்துக்கு அனுப்பியதும், 'பரிசீலிக்க இயலாது' என்று எழுதியதும்கூடத் 'தீர்வு' என்றே கணக்கில் ஏற முடிகிறது. காகிதம் நகர்ந்ததை அளப்பவர்கள் நிலம் திரும்பியதா என்று அளப்பதில்லை. விழுக்காடு உயர்கிறது, வேலி அப்படியே நிற்கிறது.

அளவிடுதலே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995, ஆட்சியர் தலைமையிலான குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடி, நிவாரணம், மறுவாழ்வு, வழக்கு நிலை ஆகியவற்றை ஆராய வேண்டும் என்கின்றன. இது விளைவைக் கேட்கும் அளவுகோல். போராடிப் பெற்ற அதைப் பயன்படுத்துவது நம் கடமை.

எனவே மாணவத் தோழர்களே, தகவல் உரிமைச் சட்டத்தில் 'எத்தனை மனு தீர்ந்தது' என்று கேட்காதீர்கள். எத்தனை ஏக்கர் அளக்கப்பட்டது, எத்தனை இடத்தில் கல் நடப்பட்டது, யார் அனுபவத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். பழைய நிலப் பதிவேட்டையும் இன்றைய 'அ' பதிவேட்டையும் ஊர் ஊராக ஒப்பிடுங்கள். நம்மை அளந்தவர்களை இனி நாம் அளப்போம்.