ஒரகடத்து ஆலைகளும் நம்மவர் கைமுதலும்

ஸ்ரீபெரும்பூதூர் என்றால் ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த தலம் என்பதே நம் முன்னோர்க்கு நினைவு. இந்நாளிலோ யந்திரசாலைகளே முன்னிற்கின்றன. கொரியா தேசத்து ஹூண்டாய்க் கம்பெனியார் 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் அடிக்கல் நாட்டி, 1998-இல் தம் முதற் காரை வெளியிட்டனர். 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை திறக்கப்பெற்றது. இவர்கள் பிறநாட்டிலே ஈட்டிய பெருமுதலோடு வந்தவர்கள். அதனை எண்ணாது, நிலம் விற்ற பணம் முழுவதையும் ஒரே நாளில் யந்திரத்தில் இட்டுவிட நம்மவர் சிலர் விழைகின்றனர். அவர்பொருட்டே இதனை வரைகின்றோம்.

ஒரகடத்தில் சுந்தரம் கிளேட்டன் கம்பெனியாரும் வார்ப்பட ஆலை அமைத்தனர். ஆயின் அக்குடும்பத்தார் வார்ப்படத்தில் தொடங்கினாரல்லர். 1911-இல் மதுரையில் தி. வே. சுந்தரம் ஐயங்கார் தொடங்கியது மோட்டார்ப் போக்குவரவு. பஸ்ஸும் அற்ப விலையுடையதன்று. எனினும் ஓடிய அன்றே காசு தருவது. ஆலையோ ஆண்டுக்கணக்கில் உண்டபின்னரே ஈவது. பஸ்ஸை ஓட்டியவர்க்கு எந்த உறுப்பு எப்பொழுது தேயும் என்பது மனப்பாடமாயிற்று. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் அரிதானபோது, கரிவாயுவால் வண்டியை ஓட்டும் கருவியை அவர்களே செய்தனர். ஐயங்கார் 1955-இல் காலமானார். அதன்பின்னரே பாடியில் சக்கரம், பிரேக் முதலிய உறுப்புகளைச் செய்யும் ஆலைகள் எழுந்தன. வீல்ஸ் இந்தியா 1960-இலும், சுந்தரம் கிளேட்டன் 1962-இலும் பதிவாயின. நுட்பம் ஆங்கிலக் கம்பெனிகளின் கூட்டால் வந்தது. பஸ்ஸிலிருந்து ஆலைக்கு அரை நூற்றாண்டு!

நிற்க. அன்று பஸ் நின்ற இடத்தில் இன்று மென்பொருள் நிற்கின்றது. அதற்குக் கணிப்பொறியும் கற்றவர் சிலரும் போதும். ஒருமுறை எழுதியதைப் பல்லாயிரவர்க்கு விற்கலாம். 1996-இல் ஸ்ரீதர் வேம்பு முதலியோர் தொடங்கிய அட்வென்ட்நெட், 2009-இல் ஸோஹோ எனப் பெயர் மாறியது. வெளியார் முதலை நாடாது தன் வருவாயாலேயே வளர்ந்தது.

ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. பஸ் ஐயங்கார் குடும்பத்துக்குப் பணத்தோடு இரும்பையும் கற்பித்தது. மென்பொருள் பணத்தைத் தரும், உலைக்களத்தைக் கற்பியாது. ஸோஹோவார் சுமார் 70 கோடி டாலர் செலவில் அரைக்கடத்திச் சில்லு செய்யும் ஆலை நிறுவ எண்ணினர். கையில் பொருளிருந்தது; அரசாங்கத்தின் உதவிக்கும் வழியிருந்தது. எனினும், மக்கள் வரிப்பணத்தை ஏற்குமுன் நுட்பவழியில் முழுத் துணிவு வேண்டும் என்றும், அத்துணிவு தமக்குப் பிறக்கவில்லை என்றும் கூறி, 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் அம்முயற்சியை நிறுத்தி வைத்தனர்.