சகரியாவின் எழுத்துப் பலகை: பேச இயலாதோருக்கு எழுத்தறிவித்த வரலாறு

லூக்கா நற்செய்தி நூலின் முதல் அதிகாரத்தில், நாம் ஆண்டுதோறும் வாசித்துக் கடந்துபோகும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. நாவு கட்டுண்டிருந்த சகரியாவிடம், பிறந்த மகனுக்கு என்ன பெயரிடுவது என்று உறவினர் சைகையால் வினவினர். அவர் எழுத்துப் பலகையைக் கேட்டு வாங்கிப் பெயரை எழுதினார். நாவு கட்டவிழ்ந்தது அதற்குப் பின்னரே. பேச்சு திரும்புமுன் எழுத்து பேசிற்று என்பதை நம் அருளுரைகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இன்னொன்றையும் கவனிப்பதில்லை. சகரியா ஓர் ஆசாரியர். முன்னரே எழுதக் கற்றிருந்தவர். பிறவி முதல் பேசாத ஒருவரிடம், எழுத்தறியாத ஒருவரிடம், அதே பலகையைக் கொடுத்திருந்தால் பயன் என்ன? பேச இயலாதவருக்கு எழுத்தைக் கற்பிக்கும் கடமையை வரலாற்றில் யார், எவ்வாறு நிறைவேற்றினர், நாம் எங்கே தவறினோம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கேள்வி என் உள்ளத்தில் எழுந்தது நூலகத்தில் அன்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், மேற்குமலை அடிவாரத்தில் அமைந்த வத்திராயிருப்பு வட்டாரத்தில் நான் ஊழியம் செய்துவந்தேன். அங்கே தேங்காய் உரிக்கும் வேலை செய்த ஒருவரின் மகன், மூளை முடக்குவாதத்தால் பேச்சும் நடையும் இன்றி வீட்டிலேயே இருந்தான். வயது பதினான்கு. திடப்படுத்தல் வகுப்பில் அவனையும் சேர்க்குமாறு தாயார் கேட்டார். விசுவாசப்பிரமாணத்தையும் பத்துக் கற்பனைகளையும் வாய்ப்பாடமாக ஒப்புவிக்க வேண்டுமே என்று சொல்லி, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றேன். "அய்யா, அவனுக்கு எல்லாம் தெரியும், கேக்கத்தான் ஆளில்லை" என்றார் அவர். அதற்கு நான் விடை கூறவில்லை. அடுத்த ஆண்டும் அவ்வாறே கழிந்தது.

1. செவியும் நாவும்

நான் கூறிய மறுப்பு என் கண்டுபிடிப்பு அன்று. அதற்கு நீண்ட மரபு உண்டு. விசுவாசம் கேள்வியினால் வரும் என்னும் பவுலடிகளின் கருத்தைச் சுட்டி, பிறவிச் செவிடு விசுவாசத்துக்கே தடை என்று அகுஸ்தீன் யூலியானுக்கு எதிரான தம் நூலில் எழுதினார். ஆயினும் அதே அகுஸ்தீன் வேறு நூல்களில், காதுகேளாதோர் சைகையால் தம் எண்ணத்தை உணர்த்துவதை வியந்து குறிப்பிடுகிறார். பிற்காலத்தார் இரண்டாம் கூற்றை மறந்து முதற்கூற்றைப் பற்றிக்கொண்டனர்.

இத்தடையை உடைத்தவரும் திருச்சபையினரே. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு ஓஞா மடத்தைச் சேர்ந்த பெத்ரோ போன்செ தெ லெயோன் என்னும் துறவி, காதுகேளாத பிரபுக் குலப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். எழுத்தைப் பேச்சுக்கு முன்னதாகக் கற்பித்ததே அவர் முறையின் சிறப்பு. 18-ஆம் நூற்றாண்டில் பாரிசு நகரின் அருட்டந்தை தெ லெப்பே ஏழைப் பிள்ளைகளுக்கும் அக்கல்வியைத் திறந்துவிட்டார். ஆனால் 1880-இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, சைகையைத் தள்ளி வாய்ப்பேச்சையே முதன்மையாக்கியது. பேசவைத்த பின்னரே மற்றவை என்னும் நோக்கு உலகெங்கும் பரவியது.

2. மணலும் வாய்ப்பாடமும்

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கு இருவேறு இயல்புகள் இருந்தன. மாணவன் வாயினால் எழுத்தை உரக்க ஓதினான். விரலினால் அதனை மணலில் எழுதினான். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, தமிழ் பேச அறியாதவராய், அவ்வாறே சிறுபிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுத்துகளை வரைந்தே நம் மொழியைத் தொடங்கினார். பிள்ளைகள் தமிழைப் பேசிய பின் எழுதினார்கள். அவரோ எழுதத் தொடங்கிய பின் பேசினார். பேசத் தெரியாதவருக்கு எழுத்து எதற்கு என்று அத்திண்ணை ஆசிரியர் அவரைத் திருப்பி அனுப்பவில்லை என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

சென்னை எழும்பூர் ஆண்கள் அநாதை விடுதியில் 1789 முதல் பணியாற்றிய அந்திரு பெல் என்னும் குரு, இம்மணலெழுத்து முறையைக் கண்டு தம் பள்ளியில் கையாண்டார். 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கை வழியாக அது 'சென்னை முறை' எனப் பெயர் பெற்று இங்கிலாந்துக்கும் சென்றது. மணல் கடல் கடந்து புகழ் பெற்றது. ஆனால் நம்முடைய ஞாயிறு பள்ளிகளிலும் வினாவிடை வகுப்புகளிலும் நிலைத்ததோ வாய்ப்பாடம் ஒன்றே. ஒப்புவித்தவன் அறிந்தவன், ஒப்புவிக்க இயலாதவன் அறியாதவன் என்று எண்ணும் பழக்கம் அவ்வழியே நம்முள் வேரூன்றியது.

3. பாளையங்கோட்டை வழி

இப்பழக்கத்துக்கு எதிரான சான்று நம் தென்பகுதியிலேயே உண்டு. 1890களில் பாளையங்கோட்டையில் இரு மிஷனரிப் பெண்மணிகள் இரு புதிய பணிகளைத் தொடங்கினர். அஸ்குவித் அம்மையார் பார்வையற்றோருக்கும், புளாரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் காதுகேளாதோருக்கும் பள்ளிகளை நிறுவினர். பிச்சையே பிழைப்பு என்று கருதப்பட்ட பார்வையற்ற பிள்ளை புள்ளியெழுத்தைத் தடவி வேதம் வாசித்தது. அறிவற்றது என்று ஒதுக்கப்பட்ட காதுகேளாத பிள்ளை தன் பெயரைத் தானே எழுதிற்று. ஒரு புலன் மூடியிருந்தால் மற்றொரு வாயிலால் எழுத்தைப் புகுத்தலாம் என்பதே இவ்விரு பள்ளிகளும் நமக்குத் தந்த பாடமாகும்.

ஆயினும் இவ்விரு வழிகளும் ஒன்றை எதிர்பார்த்தன: கை வேலை செய்ய வேண்டும். புள்ளியைத் தடவவும், சைகை காட்டவும், பலகையில் எழுதவும் கை வேண்டும். நாவோடு கையும் கட்டுண்ட பிள்ளைக்கு அங்கும் வாயில் திறக்கவில்லை. அவ்வாயில் திறக்க மேலும் முக்கால் நூற்றாண்டு சென்றது. திறந்ததும் எதிர்பாராத ஒரு திசையிலிருந்து.

4. படமும் எழுத்தும்

ஆஸ்திரியப் பேரரசில் 1897-இல் பிறந்த யூதராகிய சார்லஸ் பிளிஸ், டாகாவ், புக்கன்வால்ட் வதைமுகாம்களிலிருந்து விடுதலையாகிப் பின்னர்ச் சீனத்து ஷாங்காயை அடைந்தார். அங்கே பல மொழியினரும் ஒரே எழுத்தை வாசிப்பதைக் கண்டு, மக்களைப் பிரிக்கும் மொழித்தடையை நீக்கும் கருத்துக் குறிகளை வகுத்தார். ஆஸ்திரேலியாவில் குடியேறி 1949-இல் அவற்றை நூலாக்கினார். உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1971-இல் கனடாவின் டொராண்டோ நகரில், ஷர்லி மக்நாட்டன் என்னும் ஆசிரியை, மூளை முடக்குவாதத்தால் பேசவியலாத தம் மாணவருக்கு இக்குறிகளைக் கொடுத்தார். பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி வாக்கியம் அமைத்தனர். பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் அமையும் தொடர்பு முறைகள் என்று இன்று வழங்கும் துறையின் வளர்ச்சியில் இது ஒரு திருப்புமுனையாகும்.

இந்தியாவில் 1972-இல் பம்பாயில் மிது அலூர் நிறுவிய முடக்குவாதச் சங்கமும், 1985-இல் சென்னையில் பூனம் நடராஜன் தொடங்கிய அதே பெயருடைய சங்கமும் இப்பணியை மேற்கொண்டன. சென்னைச் சங்கமே பின்னர் வித்யாசாகர் எனப் பெயர் மாறியது. அதன் துணையோடு அஜித் நாராயணன் என்னும் பொறியியலாளர் 'ஆவாஸ்' என்னும் பேசும் கருவியை 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கினார். படத்தைத் தொட்டால் சொல்லை ஒலிக்கும் இம்முறை பின்னர்த் தமிழிலும் கிடைத்தது.

இவை பெரும் நன்மைகளே. எனினும் ஓர் எல்லையை இங்கே காணவேண்டும். படப்பலகையில் உள்ள சொற்களை மற்றவரே தெரிந்தெடுக்கின்றனர். கஞ்சி, தண்ணீர், தூக்கம், வலி என்று நாம் வைத்தவற்றுள் ஒன்றையே அவர் கூற முடியும். நாம் எண்ணாத ஒன்றை அவர் எண்ணினால், அதற்குப் படம் இல்லை. எழுத்துகளோ எவர் தெரிவுக்கும் கட்டுப்பட்டவை அல்ல. அவற்றை அறிந்தவர் எவரும் எண்ணாததையும் கூறலாம். மிது அலூரின் மகள் மாலினி சிப் ஒரே விரலால் தட்டச்சு செய்து, 2010-இல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். படப்பலகை மட்டுமே அவர் கைக்கு எட்டியிருந்தால் அந்நூல் தோன்றியிராது.

5. இருநூற்று நாற்பத்தேழும் முப்பத்தொன்றும்

தமிழில் 247 எழுத்துகள். விரலை நகர்த்தவே தடுமாறும் பிள்ளை இவற்றை எவ்வாறு சுட்டும் என்று கேட்கலாம். விடை நம் இலக்கணத்திலேயே உள்ளது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 எழுத்துகளே அடிப்படை. 216 உயிர்மெய்களும் அவற்றின் கூட்டமே. 1999-இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையும் உயிரும் மெய்யும் கூடும் இவ்வியல்பையே பயன்படுத்துகிறது. ஆகவே 31 கட்டங்கள் வரைந்த ஓர் அட்டை போதும். சுட்டவும் இயலாத பிள்ளைக்கு, உடனிருப்பவர் வரிசை வரிசையாகக் காட்டிச் செல்ல, வேண்டிய வரிசையிலும் பின்னர் வேண்டிய எழுத்திலும் பிள்ளை கண்ணால் ஆம் என்று உணர்த்தலாம்.

கற்பிக்கும் முறையைப் பற்றி அண்மைக்கால ஆசிரியர்கள் நமக்குத் தரும் தெளிவு பெரிது. அமெரிக்க அறிஞர்களான கேரன் எரிக்சன், டேவிட் கோப்பன்ஹேவர் ஆகியோர் 2020-இல் வெளியிட்ட நூல், இன்னின்ன தகுதி வந்த பின்னரே எழுத்து என்னும் எண்ணத்தை மறுக்கிறது. முதல் நாளிலேயே எல்லா எழுத்துகளையும் பிள்ளையின் முன் வைக்க வேண்டும். நாள்தோறும் உடனிருந்து நூல் வாசிக்க வேண்டும். வாசிப்பவர் தாமும் அட்டையைச் சுட்டியே பேசிக் காட்ட வேண்டும். பிள்ளை தொடக்கத்தில் பொருளின்றிச் சுட்டினாலும், நடக்கும் குழந்தை தள்ளாடுவது போன்றது அது என்று ஏற்க வேண்டும். உரக்க வாசிக்க இயலாதவரின் அறிவைச் சோதிக்க வேறு வழி உண்டு: மலை, மழை, மாலை என மூன்று சொற்களை எழுதி வைத்து, ஒன்றைச் சொல்லி, எது என்று காட்டச் சொல்லலாம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. பிள்ளையின் கையை மற்றவர் பிடித்து எழுத்துகளின் மேல் நகர்த்தும் முறை ஒன்று 1990களில் பரவியது. ஆய்ந்து பார்த்தபோது, வெளிவந்த சொற்கள் பிடித்தவருடையவை எனத் தெரிந்தது. சுட்டுவது அவருடைய உறுப்பாகவும் அவருடைய விருப்பாகவும் இருத்தல் வேண்டும். பிறர் சொல்லை அவர் வாயில் வைப்பது, அவரைப் பேசவிடாதிருப்பதினும் கொடியது.

6. நமக்குரிய கேள்வி

வத்திராயிருப்புச் சிறுவனிடம் மீண்டும் வருவோம். வீட்டுக்கு வந்து கற்பித்த சிறப்பாசிரியை ஒருவர் முதலில் படங்களையும், பின்னர் 31 எழுத்துகள் கொண்ட அட்டையையும் அவன் முன் வைத்தார். இரண்டு ஆண்டுகள் சென்றன. ஒரு மாலை நான் சந்திப்புக்குச் சென்றிருந்தபோது, அவன் இடக்கை முட்டியால் ஐந்து கட்டங்களை மெல்லத் தொட்டான்: த், ஆ, த், த், ஆ. யாரும் அவன் கையைத் தொடவில்லை. அவனுடைய தாத்தா இறந்து அப்போது ஓராண்டு கடந்திருந்தது. இறந்தவருக்குப் படம் வேண்டும் என்று எவருக்கும் தோன்றியிருக்கவில்லை. அடக்க ஆராதனையை நடத்திய நான், அவ்வீட்டில் எல்லோருக்கும் ஆறுதல் கூறினேன்; அவனுக்குக் கூறவில்லை. அவனும் துக்கித்தான் என்பதை அன்றுதான் அறிந்தேன். தாயார் கூறியது முழுவதும் உண்மை: கேட்க ஆளில்லை.

எனக்கு மாறுதல் வந்தது. அவன் திடப்படுத்தல் பெற்றது எனக்குப் பின் வந்த போதகரின் நாளில். வினாக்களுக்கு அட்டையில் விடை தந்தான் என்று எழுதியிருந்தார். அம்மகிழ்ச்சியில் எனக்குப் பங்கில்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சுக்குத் துணையும் மாற்றுமான முறைகளைத் தொடர்பு என்றே ஏற்று, கல்வியில் அவற்றை ஊக்குவிக்குமாறு அரசுக்குக் கடமை விதிக்கிறது. நாட்டின் சட்டம் ஏற்றுக்கொண்ட பேச்சை நம் திருச்சபை ஒழுங்குகள் ஏற்றுக்கொண்டனவா? வாயினால் ஒப்புவிக்க வேண்டும் என்று நாம் கேட்பது விசுவாசத்தையா, நினைவாற்றலையா? நம் சேகரங்களில் வீட்டைவிட்டு வெளியே வராத பிள்ளைகள் எத்தனைபேர் என்பதை எந்தச் சபைப் பதிவேடு காட்டுகிறது?

இறையியல் மாணவருக்கு ஒன்று கூறி முடிக்கிறேன். எபிரெயமும் கிரேக்கமும் கற்க நீங்கள் ஆண்டுகளைச் செலவிடுகிறீர்கள். அம்மொழிகளை உரையாடப் பயன்படுத்தப் போவதில்லை எனினும் அவற்றின் எழுத்துகள் உங்களுக்கு மறுக்கப்படவில்லை. அதே நியாயத்தை உங்கள் சேகரத்துப் பேசாத பிள்ளைக்கும் வழங்குங்கள். ஓர் அட்டையில் முப்பத்தொரு கட்டங்கள் வரைய அரைமணி நேரம் போதும். அதன்பின் வேண்டியது, அவன் அடுத்த எழுத்தைத் தொடும்வரை காத்திருக்கும் பொறுமை. சகரியா பலகையைக் கேட்டபோது யாரோ ஒருவர் அதை எடுத்து வந்து கொடுத்தார். வேதம் அவர் பெயரைக் கூறவில்லை. நம் ஊழியம் அவருடையதாக இருக்கட்டும்.