நடுத் தண்டவாளம்: லயனலும் ஹார்ன்பியும்

வெளிநாட்டு உறவினர்களின் பெட்டிகளில் நம் ஊர்களுக்கு வந்து பரண் ஏறிய பழைய மின் ரயில் பொம்மைகள் பெரும்பாலும் இரண்டு வகை. அமெரிக்காவிலிருந்து வந்தது லயனல். இங்கிலாந்திலிருந்து வந்தது டிரை-ஆங் அல்லது ஹார்ன்பி. எதை மறுபடி ஓடவைப்பது எளிது என்று பொதுவாகக் கேட்டால், சிறியது, புதியது, உதிரிப்பாகம் கிடைப்பது என்று ஹார்ன்பியையே காட்டுவார்கள். திருமுக்கூடலில் உட்கார்ந்துகொண்டு கேட்டால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற மணற்கரை இது. காஞ்சிபுரத்துத் தறிகள் கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் பஸ் தூரம்தான். சுற்றிலும் வயல், வயலுக்குப் பம்புசெட், அது எரிந்துபோனால் காயில் கட்டித்தர ஓர் ஆள். மணல், தறி, காயில் கட்டுபவர், இந்த மூன்றும் சேர்ந்து கணக்கை மாற்றிவிடுகின்றன.

ஜோஷுவா லயனல் கோவன் 1900-இல் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம் லயனல். அதன் பிரபலமான 'ஓ' கேஜில் மூன்று தண்டவாளங்கள் உண்டு. நடுவில் இருப்பதில் மின்சாரம் வரும், ஓரத்து இரண்டின் வழியாகத் திரும்பும். ஓடுவது ஏ.சி.யில். ஹார்ன்பி என்ற பெயர், மெக்கானோவைக் கண்டுபிடித்த லிவர்பூல்காரர் ஃபிராங்க் ஹார்ன்பியுடையது. 1964-இல் மெக்கானோ நிறுவனம் டிரை-ஆங்கின் தாய் நிறுவனமான லைன்ஸ் பிரதர்ஸ் கைக்குப் போனது. அடுத்த ஆண்டு முதல் 'டிரை-ஆங் ஹார்ன்பி' என்ற கூட்டுப் பெயரில் வந்த வண்டிகளே நம்மவர் வாங்கி வந்தவற்றில் அதிகம். அதற்கு இரண்டே தண்டவாளம், இடைவெளி 16.5 மில்லிமீட்டர், 12 வோல்ட் டி.சி.

கேஜ் மாறினால் வண்டி போகாது என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அரக்கோணம்–காஞ்சிபுரம் பாதை 1865-இல் திறந்தபோது மூன்றடி ஆறங்குலம். பிறகு மீட்டர் கேஜ் ஆனது, அப்புறம் அகலப்பாதை. ஆற்றுக்கு எதிர்க்கரையில் பழையசீவரம் ஸ்டேஷனைக் கடந்துபோகிற வண்டி அந்த வரலாற்றின் மேல்தான் ஓடுகிறது. ஆகவே ஒரு வண்டியை இன்னொன்றின் பாதையில் ஏற்றிப் பார்க்கும் ஆசையை விட்டுவிடலாம்.

முதல் ஆபத்து பிளக். லயனலின் டிரான்ஸ்ஃபார்மர் அமெரிக்காவின் 115 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. நம் வீட்டு 230 வோல்ட்டில் சொருகினால் சற்று நேரத்தில் புகைதான். 230-ஐ 115 ஆக்கும் ஸ்டெப்-டவுன் ஒன்று வாங்கி நடுவில் வைக்க வேண்டும். 60 சைக்கிளுக்கான டிரான்ஸ்ஃபார்மர் நம் 50 சைக்கிளில் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும் என்பதால், ஸ்டெப்-டவுன் போட்ட பிறகும் மணிக்கணக்கில் ஓட்டக்கூடாது. அதைவிட முக்கியம், அந்தக்கால ரப்பர் ஒயர். வளைத்தால் பொடிப்பொடியாக உதிரும். முழுதாக மாற்றாமல் கரண்ட் கொடுக்கவே கூடாது. ஹார்ன்பிக்கு இந்த வோல்ட்டேஜ் தொல்லை இல்லை. இங்கிலாந்து வோல்ட்டேஜ் நமக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். பழைய கன்ட்ரோலர் செத்திருந்தாலும் 12 வோல்ட் டி.சி. சப்ளை எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் உண்டு. இந்தச் சுற்றில் ஹார்ன்பிக்கே வெற்றி.

அடுத்தது மணல். காந்தத்தை நூலில் கட்டி ஆற்றுமணலில் இழுத்துக் கருமணல் சேர்க்காத பிள்ளை பாலாற்றங்கரையில் இருக்க முடியாது. ஹார்ன்பி எஞ்சினுக்குள் இருப்பது அதே காந்தம்தான். டிரை-ஆங்கின் புகழ்பெற்ற எக்ஸ்.04 மோட்டாரில், சுழலும் ஆர்மேச்சருக்குப் பக்கத்தில் ஒரு நிரந்தரக் காந்தம் உட்கார்ந்திருக்கிறது. தரையில் தண்டவாளம் பரப்பி ஓட்டினால், காலோடு வீட்டுக்குள் வந்த மணலிலிருந்து கருந்துகள்களை மட்டும் அது பொறுக்கி எடுத்துக்கொள்ளும். ஆர்மேச்சருக்கும் துருவத்துக்கும் நடுவே இருப்பதோ மெல்லிய இடைவெளி. அதில் துகள் சேர்ந்தால் கரகரவென்று சத்தம், பிறகு நின்றுவிடும். துணியால் துடைத்தால் போகாது. பிசைந்த மாவுபோன்ற களிமண்ணையோ ஒட்டும் பசை டேப்பையோ ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். இதே காரணத்தால் துருவைத் தேய்க்க இரும்பு நார் எடுக்கக்கூடாது. பழைய டிரை-ஆங் தண்டவாளம் இரும்பு, துருப்பிடிக்கத்தான் செய்யும். அதை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடைத்துவிட்டுத்தான் எஞ்சினை ஏற்ற வேண்டும்.

சுத்தம் செய்கிறேன் என்று ஆர்மேச்சரை உருவி வெளியே வைத்தால் இன்னொரு வம்பு. அந்தக்காலக் காந்தம் நடுவில் இரும்பு இல்லாமல் கிடந்தால் பலம் இழக்கும். ஒரு இரும்புத் துண்டை இரண்டு துருவத்துக்கும் பாலமாக வைத்துவிட்டே உருவ வேண்டும். லயனலில் இந்தக் கவலை இல்லை. அதன் மோட்டாரில் காந்தமே கிடையாது, காயில்தான். கரண்ட் போனால்தான் காந்தம், நிறுத்தினால் வெறும் இரும்பு. மணல் மேலே விழுந்தாலும் ஊதினால் போய்விடும். ஆனால் ஒரு விதிவிலக்கு. 1950 முதல் லயனல் சில எஞ்சின்களின் சக்கரங்களுக்கே காந்தம் ஏற்றியது, தண்டவாளத்தை விடாமல் பிடிப்பதற்காக. அந்த ரகம் வந்திருந்தால் சக்கரம் முழுக்கக் கருமணல் தாடி முளைக்கும்.

தறி உள்ள வீட்டில் வேறொரு எதிரி, சரிகை. பட்டு நூலைச் சுற்றி வெள்ளியோ செம்போ மெல்லிய தகடாகச் சுற்றியதுதான் சரிகை. ஆகவே அது கரண்ட் கடத்தும். ஒரு விரற்கடைத் துண்டு தண்டவாளத்தின் குறுக்கே விழுந்தால் ஷார்ட். லயனலில் மூன்று தண்டவாளம் இருந்தாலும் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர்தான், ஹார்ன்பியின் அளவே. இதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. நூல் பிசிர் வேறு கதை. ஹார்ன்பியில் மோட்டார் தண்டில் உள்ள திருகுப்பல் நூலை உள்ளே இழுத்து இறுக்கிக் கயிறாகத் திரித்துவிடும். சின்னக் கத்தரியால் நறுக்கி இடுக்கியால் எடுப்பதற்குப் பொறுமை வேண்டும்.

இனி நோய் கண்டறிதல். பரணில் கிடந்த லயனலுக்குக் கரண்ட் கொடுத்ததும் அசையாவிட்டால், செத்துவிட்டது என்று பலர் மூடிவைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சாவு அல்ல. முன், நியூட்ரல், பின், நியூட்ரல் என்று மாறி மாறி வரும் ஒரு ரிலே உள்ளே இருக்கிறது. 'ஈ-யூனிட்' என்பார்கள். நியூட்ரலில் நின்றிருக்கலாம். கரண்டை அமர்த்தி மறுபடி கொடுத்தால் 'டக்' என்று கட்டம் மாறும். அந்த 'டக்' சத்தமே வரவில்லை என்றால்தான் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே சின்ன உருளை மேல் செம்பு விரல்கள் உரசும். அவை கறுத்துப்போய் இருக்கும், கான்டாக்ட் கிளீனர் போதும். ஹார்ன்பியில் இப்படி ரிலே கிடையாது, பிளஸ் மைனஸ் மாற்றினால் வண்டி திசை மாறும். அதன் எளிமைக்குள் ஒளிந்திருக்கும் பொறி, கார்பன் பிரஷ்ஷை அழுத்தும் ஸ்பிரிங். எக்ஸ்.04-இல் அதன் ஒரு காலுக்கு மட்டும் மின்கடத்தாத சின்ன உறை மாட்டியிருக்கும். துடைக்கும்போது உறை கழன்று விழுந்துவிட்டால், எல்லாம் சரியாக இருந்தும் மோட்டார் ஷார்ட் அடிக்கும்.

மேற்கொண்டு ஒரு வேடிக்கை. லயனல் மோட்டார் டி.சி.யிலும் ஓடும். ஃபியூஸ் போட்டு ஒரு 12 வோல்ட் பேட்டரியை இணைத்தால் வண்டி கிளம்பிவிடும். விசில் உள்ள வண்டி என்றால் ஓயாமல் ஊதிக்கொண்டே போகும், ஏனென்றால் அதன் விசிலுக்கு டி.சி.தான் அழைப்பு. தலைகீழாக ஹார்ன்பிக்கு ஏ.சி. கொடுத்தால் ஓடாது, உறுமிச் சூடாகும்.

எண்ணெய் விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே விதி. தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளடைவில் பசையாகிவிடும். தையல் மிஷின் எண்ணெய், தண்டின் முனையில் ஒரு சொட்டு. அதற்கு மேல் போனால் பிரஷ் உரசுகிற கம்யூட்டேட்டரில் வழிந்து கறுக்கும்.

எனக்கு லயனல் பக்கம் சாய்வதற்குக் கடைசிக் காரணம் காயில். தடித்த கம்பி, திறந்த அமைப்பு, பெரிய ஸ்குரூ. எரிந்துபோன ஃபீல்டு காயிலைச் சுற்று எண்ணி, அதே கனத்தில் கம்பி வாங்கித் திரும்பச் சுற்றுவது பம்புசெட் காயில் கட்டுபவருக்குப் பழகிய வேலைதான். ஹார்ன்பியின் ஆர்மேச்சர் கம்பி தலைமுடி மாதிரி. அவர் கையில் எடுக்கவே தயங்குவார். அது எரிந்தால் வெளிநாட்டிலிருந்து உதிரிப்பாகம் வரவழைப்பதுதான் வழி. ஆகவே மாடியில், மேசை மேல், கதவு சாத்திய அறையில் ஓட்டுபவருக்கு ஹார்ன்பி. கூடத்துத் தரையில் பிள்ளைகளோடு ஓட்ட நினைப்பவருக்கு, கனமும் சத்தமும் இருந்தாலும், லயனல்.

எதுவானாலும் பழைய பெயின்ட்டைச் சுரண்டிப் புதுசு பூசாதீர்கள், கிழிந்த அட்டைப்பெட்டியையும் தூக்கிப்போடாதீர்கள். சேகரிப்பவர்கள் விலை கொடுப்பது அவற்றுக்கும் சேர்த்துத்தான். சொருகுவதற்கு முன் டிரான்ஸ்ஃபார்மரின் அடித்தகட்டில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.