கடிகாரத்தின் பிறப்புச் சான்று

தோட்டத்துத் தமிழனிடம் கடிகாரம் முதன்முதல் அதிகாரத்தின் கருவியாகவே வந்து சேர்ந்தது. விடியுமுன் பெரட்டுக்கு மணியடித்தவனுக்குக் கடிகாரம் வேண்டியிருந்தது. வரிசையில் நின்றவனுக்கு மணியோசையே போதுமென்று கருதப்பட்டது. தெலுக் இந்தானில் 1885-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட சாய்ந்த கோபுரமும், ஈப்போவில் 1909-இல் எழுப்பப்பட்ட பர்ச் நினைவு மணிக்கூண்டும் ஊராருக்கு நேரம் காட்டின. ஆயினும், தன் கையில் தனக்கென ஒரு கடிகாரம் கட்டிக்கொள்வது உழைப்பாளிக்கு நெடுநாள் எட்டாத பொருளாகவே இருந்தது. ஆதலின், நம்மவர் வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய கைக்கடிகாரத்தை வெறும் ஆடம்பரமென்று தள்ளிவிட நாம் துணியோம்.

நிற்க. பழங்கடிகாரங்களைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கும் வழக்கம் இக்காலத்தில் மிகுந்திருக்கிறது. வாங்குவோன் கேட்க வேண்டிய முதற்கேள்வி யாதெனில், இக்கடிகாரம் உண்மையானது என்பதற்குச் சாட்சி யார் என்பதே. விற்பவன் வாய்ச்சொல் சாட்சியாகாது. செய்தவனிடமே சென்று கேட்பதுதான் அறிவுடைமை.

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் அபிரகாம் லூயி பிரெகே என்பார். இன்று சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த நியூஷாத்தெலில் 1747-இல் பிறந்த இவர், 1775-இல் பாரிஸ் நகரில் பட்டறை அமைத்தார். பிரெஞ்சுப் புரட்சியின்போது தாயகம் சென்று, 1795-இல் பாரிஸுக்குத் திரும்பிய பின்னர், ஒற்றை முள் கொண்ட எளிய கடிகாரமொன்றைச் செய்து, விலையில் காற்பங்கை முன்பணமாகப் பெற்று விற்கலானார். புகழ் பெருகவே போலிகளும் பெருகின. அவற்றைத் தடுக்க, சாய்த்துப் பார்த்தாலன்றிக் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய கையொப்பத்தை முகப்பில் பொறித்தார்.

கையொப்பத்தினும் பெரிய காவல் அவருடைய பேரேடு. கடிகாரத்தின் எண், விலை, வாங்கியவர் பெயர் முதலியன அதில் எழுதப்பட்டன. நேப்பிள்ஸ் அரசி கரோலின் முரா 1810-இல் கையில் அணியும் கடிகாரமொன்று வேண்டினார்; அது 1812-இல் முடிந்தது. அக்கடிகாரம் இன்று எங்குள்ளதென்று தெரியவில்லை. ஆயினும், அப்படியொன்று செய்யப்பட்டது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. பேரேடு சாட்சி சொல்கிறது.

1755-இல் ஜெனீவாவில் தோன்றிய வஷெரோன் கான்ஸ்டன்டின் நிறுவனம், தான் முன்னாளில் செய்த கடிகாரங்களைத் தேடி வாங்கி, தன் பழைய ஏடுகளோடு ஒத்துப் பார்த்து, பழுது நீக்கி, சான்றுப் பத்திரத்துடன் தானே விற்றுவருகிறது. ரோலெக்ஸ் நிறுவனமோ 2022-இல் பழைய கடிகாரங்களுக்கு முத்திரைச் சான்று வழங்கத் தொடங்கியது; ஆனால் விற்பனை வணிகர் வழியேதான் நடைபெறுகிறது. செய்தவனே விற்பது வேறு, செய்தவனின் முத்திரையோடு வணிகன் விற்பது வேறு என்பதை வாங்குவோர் மறக்கலாகாது.

இவை செல்வர் கதை. எளியவர் கதை பெங்களூரில் நடந்தது. இந்திய அரசுக்குரிய எச்.எம்.டி. நிறுவனம், ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-இல் கைக்கடிகாரத் தொழிற்சாலையை அமைத்தது. ‘ஜனதா’, ‘பைலட்’ என்னும் சாவி கொடுக்கும் கடிகாரங்கள் சாமானியர் கைகளை அடைந்தன. பார்வையற்றோர் தடவி நேரமறியும் கடிகாரத்தையும் அந்நிறுவனம் செய்தது. 2016-இல் அதன் கடிகாரப் பிரிவை மூட இந்திய அரசு முடிவு செய்தது.

இன்று ‘பழைய எச்.எம்.டி.’ என்று விற்கப்படுவனவற்றுள், முகப்புக்கு மறுசாயம் பூசி, பல கடிகாரங்களின் உறுப்புகளை ஒன்றாய்ச் சேர்த்தவை மலிந்துள்ளன. நம் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், தம் தந்தையார் அணிந்ததைப் போன்ற ஒன்றை விரும்பி வாங்கினார். திறந்து பார்த்தபோது, உள்ளிருந்த உறுப்புகள் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. அவர் இழந்த பணம் சிறிது. தந்தையின் நினைவை ஏமாற்றிவிட்டார்களே என்று அவர் பட்ட வருத்தம் பெரிது.

கிராணி வேலை பார்க்கும் நமக்குப் பேரேட்டின் அருமை தெரியும். பேராக்கில் பால்மரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போன காலத்தில், நம் முன்னோர் பெயர்களைத் தாங்கிய செக்ரோல் புத்தகங்கள் பல செல்லுக்கு இரையாயின. பிறப்புப் பத்திரமின்றி, அடையாள அட்டை பெற இயலாது அலைந்த தமிழர் பலர். அவர்களைப் பதிவு செய்ய, 2011-இல் ‘மைடஃப்தார்’ என்னும் இயக்கத்தை அரசாங்கம் நடத்த வேண்டியதாயிற்று. இருநூறாண்டுகளுக்கு முன் பாரிஸில் செய்த கடிகாரத்துக்குப் பிறப்புச் சான்று கிடைக்கிறது. லயத்தில் பிறந்த மனிதனுக்குக் கிடைப்பது அரிதாயிருந்தது. அங்கே எழுதிவைத்தவனும் இருந்தான், எழுதியதைக் காத்தவனும் இருந்தான்.

தோழர்களே! கடன்பட்டு ஆடம்பரக் கடிகாரம் வாங்குவது மடமை. வாங்க வல்லவர், எண்ணைக் காட்டி, செய்தவனிடம் சான்று பெற்று வாங்குக. வாங்கினும் வாங்காவிடினும், வீட்டிலுள்ள பத்திரங்களைப் பேணிக் காப்பது நம் அனைவர் கடமை. பிள்ளை பிறந்தவுடன் சாதகம் கணிக்கச் சோதிடனிடம் ஓடுகிறோம். அவ்வேடு எந்த அலுவலகத்திலும் செல்லாது. முதலில் பதிவு அலுவலகத்துக்குச் சென்று பிறப்பைப் பதிவோமாக.