ஈ-கோலையில் பிறந்த மனிதப் புரதம்

அம்பகரத்தூரில் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவர்கள் வீட்டு ஃபிரிட்ஜில் சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்று இருக்கும். மனித இன்சுலின் என்று அச்சிட்டிருந்தாலும், அது எந்த மனித உடம்பிலும் சுரந்ததில்லை.

1922-இல் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். அதிலிருந்து ஏறத்தாழ 60 ஆண்டுகள், கசாப்புக்கூடத்து மாடு, பன்றிகளின் கணையம்தான் இன்சுலினுக்கு மூலப்பொருள். அதன் 51 அமினோ அமிலங்களின் வரிசையை 1955-க்குள் ஃபிரெடெரிக் சாங்கர் கண்டுபிடித்து முடித்தார். அந்த வரிசை தெரிந்த பிறகுதான் மாற்றுவழி பிறந்தது.

1978-இல் கலிபோர்னியாவில் இட்டாகுரா, ரிக்ஸ், கோடெல் குழுவினர் இன்சுலினுக்கான மரபணுவை மனிதரிடமிருந்து எடுக்கவில்லை. ரசாயனத்தைக் கொண்டே கோத்தார்கள். இன்சுலினின் இரண்டு சங்கிலிகளுக்கும் தனித்தனி மரபணு, தனித்தனி ஈ-கோலை பாக்டீரியா. சின்னப் புரதத்தை பாக்டீரியா சிதைத்துவிடும் என்பதால், அதன் சொந்தப் பெரிய புரதம் ஒன்றின் வாலில் ஒட்டி வளர்த்தார்கள். பிறகு மெத்தியோனின் இருக்கும் இடத்தில் மட்டும் வெட்டும் சயனோஜன் புரோமைடால் பிரித்தார்கள். இன்சுலினுக்குள் மெத்தியோனினே கிடையாது. அதனால் அது சேதமில்லாமல் வந்தது. எனக்கு இந்த முழுக்கதையிலும் மிக அழகான இடம் இதுதான். கடைசியில் இரு சங்கிலிகளையும் சேர்த்தார்கள். 1982-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. இப்படி மரபணு மாற்றிய உயிரியில் தயாராகி அனுமதி பெற்ற முதல் மனித மருந்து அதுவே. 2004-இல் பெங்களூரு பயோகான், ஈஸ்டில் விளைவித்த இன்சுலினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இதே புரதம் ஆய்வுக்கூடத்துக்கும் போகிறது. மனித செல்களை வளர்க்க முன்பு கன்றுக்கருவின் சீரத்தையே நம்பியிருந்தார்கள். அதில் ஒவ்வொரு தொகுதியும் வேறுபடும். ஒரு கூடத்தின் முடிவு இன்னொன்றில் திரும்ப வராமல் போகலாம். அளவு தெரிந்த இன்சுலினும் டிரான்ஸ்ஃபெரினும் செலீனியமும் சேர்த்த கரைசலில் பல செல் வகைகள் சீரம் இல்லாமலே வளர்கின்றன. ஆய்வின் நம்பகத்தன்மைக்கு இது பெரிய வரம்.

இவ்வளவு தூரம் வந்த புரதம் கடைசிப் படியில், நம் வீட்டில் கெட்டுப்போவதுதான் வேதனை. திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம், உறைந்ததைப் போட்டுக்கொள்ளவே கூடாது. மி.லி.க்கு 40 யூனிட் கொண்ட குப்பிக்கு 40 யூனிட் சிரிஞ்சையே கேட்டு வாங்குங்கள்.