பார்க்கின்சன் நோயில் இயக்க மந்தம்

இயக்க மந்தம் அல்லது பிராடிகைனீசியா என்பது பார்க்கின்சன் நோயின் (நடுக்குவாதம்) முதன்மை அறிகுறி ஆகும். கை நடுக்கமே இந்நோயின் அடையாளமாகப் பரவலாக அறியப்படுகிறது. எனினும் நடுக்கம் இன்றியும் இந்நோய் வரக்கூடும். இயக்க மந்தம் இன்றி இந்நோய் உறுதிசெய்யப்படுவதில்லை. பொத்தானிடுதல், படுக்கையில் புரளுதல், நாற்காலியிலிருந்து எழுதல் போன்ற செயல்கள் மெதுவாகின்றன. கையெழுத்து சிறுத்துக்கொண்டே செல்கிறது. இதனைச் சோம்பல் என்றோ முதுமைத் தளர்ச்சி என்றோ கொள்வது தவறாகும்.

காரணம்

நடுமூளையில் சப்ஸ்டன்சியா நைக்ரா எனும் கருநிறப் பகுதியின் நரம்பணுக்கள் அழிவதால் டோப்பமின் குறைகிறது. பழகிய அசைவுகளைத் தாமாகவே நடத்தும் மூளைச் சுற்றுவழி இதனால் பாதிக்கப்படுகிறது. தசைகள் வலுவிழப்பது இதன் அடிப்படைக் காரணம் அன்று. எனவே தானாக நிகழாத அசைவைக் கவனத்தாலும் புறக்குறிப்புகளாலும் ஓரளவு மீட்க இயலும்.

அன்றாட வழிமுறைகள்

தரையில் குறுக்காக இடப்பட்ட கோடுகளைத் தாண்டி நடக்கும்போது நோயாளிகளின் நடை மேம்படுவதைப் பிரித்தானிய நரம்பியல் மருத்துவர் பர்டன் மார்ட்டின் 1967ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் விளக்கினார். தாளகதிக்கு ஏற்ப அடி வைப்பதும், கோடிட்ட தாளில் எழுதுவதும் இவ்வாறே உதவுகின்றன. எழும்போது இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னிழுத்து, முன்சாய்ந்து எழுதல் எனப் படிப்படியாகச் செய்வது எளிது. நடக்கும்போது பேசுவதும் பொருட்களைச் சுமப்பதும் கவனத்தைப் பிரித்து நடையை மேலும் மெதுவாக்கும். குடும்பத்தினர் அவசரப்படுத்துவதும் அத்தகையதே.

உடற்பயிற்சி இன்றியமையாதது. நோயின் தொடக்க நிலையில் இருந்த 128 பேரிடம் 6 மாதங்கள் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2018இல் வெளியானது. நடைப்பொறியில் உச்ச இதயத்துடிப்பின் 80 முதல் 85 விழுக்காடு அளவுக்குப் பயிற்சி செய்தோரிடம் இயக்கக் குறைபாடு ஏறத்தாழ மாறாதிருந்தது. வழமையான பராமரிப்பில் இருந்தோரிடம் அது அதிகரித்தது. இத்தகைய கடும் பயிற்சிக்கு முன் இதயப் பரிசோதனை தேவை.

உணவும் மருந்தும்

முதன்மை மருந்தான லெவோடோப்பா, புரதத்திலிருந்து கிடைக்கும் சில அமினோ அமிலங்களுடன் போட்டியிட்டே குடலிலிருந்து குருதிக்கும், குருதியிலிருந்து மூளைக்கும் செல்கிறது. ஆதலால் பால், முட்டை, இறைச்சி, பருப்பு மிகுந்த உணவுடன் உட்கொண்டால் சிலருக்கு மருந்தின் பயன் குறையும். உணவுக்கு அரை மணி நேரம் முன்னர் உட்கொள்ளுமாறு பொதுவாக அறிவுறுத்தப்படுகிறது. புரதத்தை அறவே தவிர்த்தல் கூடாது. அது உடல் மெலிவுக்கு வழிவகுக்கும். மலச்சிக்கலும் மருந்தின் உறிஞ்சலைப் பாதிக்கலாம் என்பதால் நீரும் நார்ச்சத்தும் வேண்டும்.

பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோப்பா உள்ளது. ஆனால் அதன் அளவு விதைக்கு விதை வேறுபடுகிறது. மாத்திரையுடன் சேர்த்துத் தாமாக உட்கொண்டால் மருந்து மிகையாகி, கட்டுப்படுத்த இயலாத உடல் அசைவுகள் தோன்றக்கூடும்.