உள்ளே போய்விடுமா? - குழந்தைகளின் கரப்பான் நோய்க்கு ஒரு வரலாறு

கைக்குழந்தையின் கன்னத்தில் சிவப்புத் திட்டாகத் தொடங்கும். பிறகு நீர் கசியும், பொருக்குத் தட்டும். குழந்தை வளர வளர முழங்கை மடிப்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடம் மாறும். அரிப்புத் தாங்காமல் இரவெல்லாம் அழும் குழந்தையோடு வீடே விழித்திருக்கும். தமிழில் இதைக் கரப்பான் என்பார்கள். மருத்துவர்கள் எக்ஸிமா என்கிறார்கள். 'கொதித்து வெளியே வருவது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. கி.பி. 6-ஆம் நூற்றாண்டிலேயே ஏட்டியஸ் என்ற பைசாந்திய மருத்துவர் அச்சொல்லை எழுதி வைத்திருக்கிறார்.

சொல் பழையது. அதோடு ஒட்டிக்கொண்ட ஒரு பயமும் பழையது. அந்தப் பயத்தின் கதைதான் இந்த நோயின் வரலாறு என்றும் சொல்லலாம்.

தாய்ப்பால் மீது பழி

பழைய ஐரோப்பிய மருத்துவத்தில் குழந்தையின் தலையிலும் முகத்திலும் வரும் பொருக்குக்குப் 'பால் பொருக்கு' என்று பெயர். தாயின் பாலோ செவிலித்தாயின் பாலோ கெட்டிருக்கிறது என்று பழி போட்டார்கள். பல் முளைப்பதையும் காரணம் காட்டினார்கள். உடம்பில் சேர்ந்த கெட்ட நீர் தோல் வழியாக வெளியேறுகிறது, அது நல்லதுதான் என்பது அக்காலக் கருத்து. அப்படியானால் புண்ணை ஆற்றலாமா? கூடாது! ஆற்றினால் நோய் உள்ளே போய் மூளையையோ நெஞ்சையோ தாக்கும் என்று அஞ்சினார்கள். எனவே எத்தனையோ குழந்தைகள் சொறிந்து சொறிந்து ரத்தம் வர, பெரியவர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

இது வெறும் மூடநம்பிக்கை அல்ல என்பதுதான் வேடிக்கை. கண்ணால் கண்டதை வைத்துத்தான் அப்படி நினைத்தார்கள். கரப்பான் வந்த குழந்தைகளில் பலருக்குச் சில ஆண்டுகளில் தோல் தானாகவே தெளிந்துவிடும். அதே வயதில் சிலருக்கு இழுப்பு தொடங்கும். தோலில் இருந்த நோய் நெஞ்சுக்குள் போய்விட்டது என்று அவர்கள் முடிவு கட்டியதில் வியப்பில்லை. ஒன்று மற்றொன்றாக மாறவில்லை, இரண்டும் ஒரே பரம்பரை இயல்பின் இரு முகங்கள் என்பது தெரிய வெகுகாலம் ஆனது.

பெயர் சூட்டிய நூற்றாண்டு

தோல் நோய்களை ஒழுங்காக வகை பிரித்தவர் லண்டன் மருத்துவர் ராபர்ட் வில்லன் (பெயர்தான் வில்லன், ஆள் நல்லவர்). அவருடைய பெரிய நூல் 1808-ல் வந்தது. அவருக்குப் பின் வியன்னாவில் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா, தோல் நோய்க்குத் தோலில்தான் மருந்து போட வேண்டும் என்று வாதாடினார். ரத்தம் கெட்டதால் வருகிறது, உடம்பு நீர் கெட்டதால் வருகிறது என்ற பழைய விளக்கங்களை அவர் ஏற்கவில்லை.

1892-ல் பாரிஸைச் சேர்ந்த எர்னெஸ்ட் பெனியே, இந்த அரிப்பும் இழுப்பும் மகரந்தத்தால் வரும் சளிக்காய்ச்சலும் ஒரே குடும்பத்தில் வருவதைச் சுட்டிக்காட்டினார். 1923-ல் அமெரிக்காவில் கோக்கா, குக் என்ற இருவர் இந்த இயல்புக்கு 'அட்டோப்பி' என்று பெயர் வைத்தார்கள். 'இடம் பொருந்தாதது, விநோதமானது' என்று பொருள். காரணம் பிடிபடவில்லை என்பதைப் பெயரே ஒப்புக்கொள்கிறது! 1933-ல் வைஸ், சல்ஸ்பெர்கர் இருவரும் இன்றும் வழங்கும் 'அட்டோப்பிக் டெர்மடைட்டிஸ்' என்ற பெயரைக் கொடுத்தார்கள்.

1952: களிம்பு வந்தது

அதுவரை இருந்தவை தார் களிம்பும் துத்தநாகக் களிம்பும்தான். சொறியாமல் இருக்கக் குழந்தையின் கையைக் கட்டிப்போடுவதும் உண்டு. 1952-ல் அதே சல்ஸ்பெர்கரும் விட்டன் என்பவரும் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் தடவினால் எக்ஸிமா அடங்குகிறது என்று எழுதினார்கள். தோல் மருத்துவத்தில் பெரிய திருப்பம் இது.

அடுத்து வீரியம் மிக்க ஸ்டீராய்டு களிம்புகள் வந்தன. அளவு தெரியாமல் மாதக்கணக்கில் தடவியதால் தோல் மெலிந்தது, வரி விழுந்தது. குழந்தையின் உடம்புக்குள்ளும் மருந்து இறங்கியது. பழைய பயம் புது உருவத்தில் திரும்பிவிட்டது. அன்று 'நோய் உள்ளே போய்விடும்' என்றார்கள், இப்போது 'மருந்து உள்ளே போய்விடும்' என்றார்கள்.

இந்தப் பயத்தில் பாதி நியாயம் உண்டு. கடையில் கேட்டு வாங்கிக் கண்டபடி தடவுவது ஆபத்துதான். இந்தியாவிலும் 2018-ல் 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டோடு மட்டும் விற்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் பயந்துபோய்த் தடவாமலே விட்டால் புண் சீழ் பிடிக்கும், குழந்தை தூங்காது. அளவுக்கு 1991-ல் ஓர் எளிய வழி வந்தது. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனிக் கோடு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவுள்ள இடத்துக்கு அது போதும். எந்த வீரியம், எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

சுவரில் ஓட்டை

2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீன் குழு ஒரு முக்கியமான விடையைக் கண்டுபிடித்தது. ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் குறை இருந்தால் எக்ஸிமா வரும் வாய்ப்புக் கூடுகிறது. தோலை ஒரு செங்கல் சுவர் என்று வைத்துக்கொண்டால், பூச்சு சரியில்லாத சுவர் இது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியே இருக்கும் தூசும் கிருமியும் உள்ளே வரும். எல்லாக் குழந்தைக்கும் இதுவே காரணம் அல்ல. ஆனாலும் தாயின் பால் மீது போட்ட பழி பொய் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

உணவைப் பற்றிய எண்ணமும் மாறியது. நிலக்கடலையைத் தள்ளி வைத்தால் ஒவ்வாமை வராது என்று நம்பியிருந்தார்கள். கடும் எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளிடம் லண்டனில் நடந்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. தோல் சோதனையில் கடலை ஒவ்வாமை தென்படாத குழந்தைகளில், கடலையைத் தவிர்த்தவர்களில் 13.7 சதவீதம் பேருக்கு ஐந்து வயதில் அந்த ஒவ்வாமை இருந்தது. சிறுவயதிலேயே கடலை சேர்ந்த உணவைத் தின்றவர்களில் அது 1.9 சதவீதம்தான். (அதற்காக வீட்டில் தானாகச் சோதித்துப் பார்க்கக் கூடாது. கடும் எக்ஸிமா உள்ள குழந்தைக்கு முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். முழுக் கடலை தொண்டையில் சிக்கும்.)

எல்லா நம்பிக்கையும் பலிக்கவில்லை. பிறந்த நாள் முதல் தினமும் ஈரப்பதக் களிம்பு பூசினால் நோயே வராமல் தடுக்கலாமா என்று இங்கிலாந்தில் 1394 குழந்தைகளிடம் பார்த்தார்கள். தடுக்க முடியவில்லை என்று 2020-ல் முடிவு வந்தது. ஆனால் நோய் வந்த பிறகு அதே களிம்புதான் அன்றாட மருந்து. குளித்துத் துடைத்த சூட்டோடு, ஈரம் காயும் முன் தாராளமாகப் பூச வேண்டும். நோய் கிளம்பும்போது ஸ்டீராய்டு சேரும். எதற்கும் அடங்காத கடும் எக்ஸிமாவுக்கு டுபிலுமாப் ஊசி வந்திருக்கிறது. ஆறு மாதக் குழந்தை முதல் கொடுக்க அமெரிக்கா 2022-ல் அனுமதித்தது.

முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரக் குறையும். அதுவரை குழந்தை சொறிந்துகொண்டே இருக்கட்டும் என்று விட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஆற்றினால் கெடுதல் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்த காலம் எப்போதோ முடிந்துவிட்டது.